மைக் வாங்கும் முன்பு: பாட்காஸ்ட் தொடங்க விரும்பும் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் ஒரு வாசகிக்குப் பாட்காஸ்ட் பற்றி நான்கு வரிகளில் பதில் எழுதியிருந்தேன். அந்த நான்கு வரிகள் போதவில்லை என்பதை அதன்பின் வந்த கடிதங்களும் வாட்ஸ்அப் செய்திகளும் காட்டின. மதுரை நகரிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வந்தவற்றில், பலரும் கேட்டிருந்தவற்றைத் தேர்ந்து, இந்த இதழில் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். கேட்டவர்களின் பெயர்களை விட்டு ஊர்களை மட்டும் தந்துள்ளேன்.

திருமங்கலத்திலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர்: என் பேரன் கைபேசியில் ஏதோ ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்து, "பாட்காஸ்ட் கேளுங்க தாத்தா" என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போய்விட்டான். வானொலிக்கும் யூடியூபுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? தமிழில் இதற்குச் சொல் கிடையாதா?

வானொலி நிகழ்ச்சியைக் கேட்க வேண்டுமானால் அது ஒலிபரப்பாகும் நேரத்தில் நாம் பெட்டியின் அருகில் இருக்க வேண்டும். பாட்காஸ்ட், வீட்டுக்குப் பத்திரிகை போடச் சொல்வதைப் போன்றது. ஒருமுறை சொல்லி வைத்துவிட்டால், புதிய பகுதி வெளியாகும் போதெல்லாம் அது உங்கள் செயலிக்கு வந்து சேரும்; நடைப்பயிற்சியின் போதோ மதிய உணவுக்குப் பிறகோ உங்களுக்கு வசதியான நேரத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

இதற்குப் பின்னால் இருக்கும் ஏற்பாடு மிக எளிமையானது. நிகழ்ச்சியின் பெயர், ஒவ்வொரு பகுதியின் தலைப்பு, வெளியான நாள், ஒலிக்கோப்பு இருக்கும் முகவரி ஆகியவற்றை வரிசையாக எழுதி வைத்த ஒரு கோப்பு இணையத்தில் இருக்கும். அதை ஆர்எஸ்எஸ் ஃபீட் என்பார்கள். உங்கள் பேரன் போட்டுக் கொடுத்த செயலி அந்தக் கோப்பை அவ்வப்போது எட்டிப் பார்த்து, புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தால் உங்களுக்குத் தெரிவிக்கிறது. யூடியூபில் உள்ளது அந்த ஒரு நிறுவனத்தின் வீட்டுக்குள் இருக்கிறது; பாட்காஸ்டின் ஃபீட்டை எந்த நிறுவனத்தின் செயலியும் படிக்கலாம். இந்த வேறுபாட்டை மறந்துவிடாதீர்கள், உசிலம்பட்டி வாசகருக்கான பதிலில் இது மீண்டும் வரும்.

ஐபாட் என்ற பாட்டுக் கேட்கும் கருவியின் பெயரையும், ஒலிபரப்பைக் குறிக்கும் பிராட்காஸ்ட் என்ற சொல்லையும் இணைத்து 2004-இல் ஓர் ஆங்கிலேயப் பத்திரிகையாளர் தம் கட்டுரையில் எழுதிய சொல்தான் பாட்காஸ்ட். மறு ஆண்டு ஆப்பிள் நிறுவனம் தன் ஐட்யூன்ஸ் மென்பொருளில் பாட்காஸ்டுகளைச் சேர்த்த பிறகு உலகெங்கும் பரவியது. தமிழில் வலையொலி என்ற நல்ல சொல் வழங்குகிறது. எழுத்தில் படிக்கும் போது அதில் குறையே இல்லை. ஆனால் காதால் கேட்கும் போது லகர ளகர வேறுபாடு நழுவி வளையொலியாகி, கைவளையலின் ஓசையை நினைவூட்டிவிடுகிறது. காதுக்கான கலைக்குக் காதில் குழப்பாத பெயர் வேண்டும் என்பதால் நான் பாட்காஸ்ட் என்றே எழுதுகிறேன்.

நாகமலைப் புதுக்கோட்டையிலிருந்து கல்லூரி மாணவி ஒருவர்: நானும் என் தோழியும் புத்தகங்களைப் பற்றிப் பேசும் பாட்காஸ்ட் ஒன்றைத் தொடங்க இருக்கிறோம். சேமித்து வைத்த 5,000 ரூபாய் கையில் இருக்கிறது. எந்த மைக் வாங்கலாம்?

இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம், கையில் இருக்கும் கைபேசியே போதும். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மைக்கைப் பற்றியே கேட்டிருந்ததால் இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

ஒரு பதிவு கேட்க நன்றாக இருப்பதும் இல்லாததும் முதலில் அறையைப் பொறுத்தது, அடுத்தது வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தொலைவு, மூன்றாவதாகத்தான் மைக். நம் ஊர் வீடுகள் கான்கிரீட் கூரையும் டைல்ஸ் தரையும் வெறுஞ்சுவர்களும் கொண்டவை. அறையின் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். தட்டிய ஓசைக்குப் பின்னால் மெல்லிய ரீங்காரம் ஒன்று தொடர்ந்தால், உங்கள் பேச்சின் ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் அதே ரீங்காரம் தொடரும். எத்தனை விலை கொடுத்து வாங்கிய மைக்கும் அதை நீக்காது. விலை கூடிய மைக் அதை இன்னும் தெளிவாகப் பதிந்து கொடுக்கும்.

எனவே, வீட்டிலேயே சிறிய அறையாக, துணிமணிகள் நிறைந்த அறையாகப் பாருங்கள். துணி பீரோவின் கதவுகளைத் திறந்து வைத்து, அதற்கு எதிரே உட்கார்ந்து, முதுகுக்குப் பின்னால் இலவம்பஞ்சு மெத்தையைச் சுவரில் சாய்த்து நிறுத்தினால், பாதி ஒலிப்பதிவுக் கூடம் தயார். போர்வையைக் கொடியில் தொங்கவிடலாம். மின்விசிறியை நிறுத்தியே ஆக வேண்டும். சித்திரை, வைகாசியில் மதுரையில் விசிறியில்லாமல் அரை மணி நேரம் உட்கார்வது எவ்வளவு கடினம் என்பது எனக்குத் தெரியும். பத்து நிமிடம் பதிவு செய்துவிட்டு, விசிறியைப் போட்டு ஓய்வெடுத்து, மீண்டும் நிறுத்திவிட்டுத் தொடருங்கள். விடியற்காலை அமைதியாக இருக்கும் என்று நினைத்து ஏமாற வேண்டாம்: மார்கழியிலும் ஆடியிலும் கோயில் ஒலிபெருக்கி நமக்கு முன்பே எழுந்துவிடும். என் அனுபவத்தில் இரவு பத்து மணிக்கு மேல்தான் தெரு அடங்குகிறது.

அடுத்து, தொலைவு. கைபேசியின் கீழ் விளிம்பில் உள்ள சிறு துளைதான் அதன் மைக். அது உங்கள் வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில் இருக்கட்டும். இரண்டு சாணாக விலக்கினால், நேராக வந்து சேரும் குரலின் அளவு 6 டெசிபல் குறையும்; அறையின் எதிரொலியோ அப்படியே இருக்கும். கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல ஒரு பதிவு கேட்கிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். ஆனால் வாய்க்கு நேர் எதிரே வைக்காதீர்கள். உள்ளங்கையை வாய்க்கு முன் பிடித்துக்கொண்டு "பாட்டி பழம் பறித்தாள்" என்று சொன்னால் ஒவ்வொரு பகரத்துக்கும் காற்று வந்து கையில் மோதுவதை உணரலாம். அந்தக் காற்று மைக்கில் மோதினால் 'புப்' என்ற சத்தம் பதிவாகும். வாயின் ஓரத்துக்குச் சற்றே பக்கவாட்டில் வைத்தால் காற்று விலகிப் போகும், குரல் மட்டும் வந்து சேரும். புளூடூத் இயர்போனின் மைக்கை மட்டும் பயன்படுத்த வேண்டாம். பெரும்பாலானவற்றில் பேச்சு நசுங்கித்தான் பதிவாகிறது.

நீங்கள் இருவர் பேசப் போகிறீர்கள். ஒரே கைபேசியை நடுவில் வைத்து எதிரெதிரே உட்கார்ந்தால் இருவர் குரலும் தொலைவில்தான் கேட்கும். ஆளுக்கொரு கைபேசியில் பதிவு செய்யுங்கள். தொடக்கத்தில் ஒருவர் ஓங்கி ஒருமுறை கை தட்டினால், பின்னர் கணினியில் இரண்டு பதிவுகளையும் அந்தத் தட்டலை வைத்துப் பொருத்திவிடலாம். இப்படி மூன்று பகுதிகள் செய்து முடித்த பிறகும் ஆர்வம் குறையவில்லை என்றால் அப்போது மைக் வாங்குங்கள். அப்போதும் கடையில் கண்டென்சர் வகை வேண்டாம், டைனமிக் வகையைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். கண்டென்சர் நுட்பமானது, பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலையும் விடாமல் பிடிக்கும். டைனமிக் மைக் அருகில் உள்ள குரலை மட்டும் கேட்டுத் தெருவைப் பெருமளவு விட்டுவிடும்.

செல்லூரிலிருந்து ஒரு வாசகி: அப்பா தறி நெய்கிறவர். அவரையும் எங்கள் தெருப் பெரியவர்களையும் பேச வைத்துப் பதிவு செய்து வெளியிட ஆசை. ஆனால் தறிச் சத்தம் ஓய்வதே இல்லை. என்ன செய்வது?

உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி ஏற்பட்டது. நீங்கள் இடைஞ்சல் என்று நினைப்பதுதான் உங்கள் நிகழ்ச்சியின் பெரிய செல்வம்.

பேச்சையும் தறியையும் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள். பேச்சுக்கு, தறி ஓடும் இடத்திலிருந்து தள்ளி இருக்கும் உள்ளறைக்கு அப்பாவை அழைத்துச் செல்லுங்கள். பிறகு தறி ஓடும் போது கைபேசியை அருகில் வைத்து, எவரும் பேசாமல், ஐந்து நிமிடம் பதிவு செய்யுங்கள். மிதியை அழுத்தும் ஓசை, நாடா இப்புறமிருந்து அப்புறம் ஓடும் ஓசை, ஊடையை அடித்து நெருக்கும் ஓசை என்று ஒவ்வொன்றாகப் பக்கத்தில் போய்ப் பதியுங்கள். அவற்றுக்கு உங்கள் வீட்டில் என்னென்ன பெயர் வழங்குகிறதோ அதை அப்பாவின் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். ஒரு முழுப் பகுதிக்கு அதுவே போதும். தொகுக்கும் போது தறியோசையில் தொடங்கி, மெல்லத் தணித்து, அப்பாவின் குரலைக் கொண்டு வந்தால், கேட்பவர் உங்கள் வீட்டு வாசற்படி ஏறி உள்ளே வந்துவிடுவார்.

வெளியே பேட்டி எடுக்கப் போகும் போது நீங்கள் மறக்கக் கூடாத ஒன்றை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நவராத்திரிக்குச் சற்று முந்தி, விளாச்சேரியில் கொலு பொம்மை செய்யும் பெரியவர் ஒருவரைப் பார்க்கச் சென்றேன். கைபேசியில் பதிவை ஓடவிட்டு அவர் அருகில் வைத்தேன். மண் எடுக்கும் இடம் மாறிப்போன கதை, அச்சிலிருந்து எடுத்த பொம்மைக்குக் கண் எழுதும் வரை அது வெறும் மண்தான் என்று தம் தந்தை சொல்லிக் கொடுத்தது, எல்லாம் இரண்டு மணி நேரம் பேசினார். வீட்டுக்கு வந்து கேட்டால் பதினோரு நிமிடம்தான் இருந்தது. பன்னிரண்டாம் நிமிடத்தில் வந்த ஓர் அழைப்பு பதிவை நிறுத்திவிட்டிருக்கிறது. நான் திரையைத் திரும்பிப் பார்க்கவில்லை. மறு வாரம் மீண்டும் போனேன். அவரும் மனங்கோணாமல் மீண்டும் சொன்னார். ஆனால் முதல் நாள் நினைவு வந்து சொன்னது, இரண்டாம் நாள் நான் கேட்டதற்காகச் சொன்னதாகிவிட்டது. அன்றிலிருந்து, பேட்டி தொடங்கும் முன் கைபேசியை விமானப் பயன்முறையில் வைப்பதையும், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நேரக்கணக்கு ஓடுகிறதா என்று ஓரக்கண்ணால் பார்ப்பதையும் நான் தவறவிடுவதில்லை.

பெரியவர்கள் பேசும் போது "ம்", "ஆமாங்கய்யா" என்று குரல் கொடுக்காமல் தலையை மட்டும் அசையுங்கள். வழக்கத்துக்கு மாறானதுதான், பழகிவிடும். கேள்வி கேட்டபின் அவர்கள் பேசாமல் இருந்தால் அடுத்த கேள்வியைப் போடாதீர்கள். அந்த மௌனத்தில் அவர்கள் நினைவைத் தேடுகிறார்கள். பதிவின் தொடக்கத்திலேயே அவர் பெயர், ஊர், நாள், இதை வெளியிடச் சம்மதமா என்பவற்றை அவர் குரலிலேயே வாங்கிவிடுங்கள். வெளியிடும் முன் ஒருமுறை போட்டுக் காட்டுங்கள். கடன், குடும்பச் சண்டை, சாதி பற்றிய பேச்சு ஆகியவை இயல்பாக வந்து விழும். அவற்றில் எது தெருவைத் தாண்டிப் போகலாம் என்பதை அவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

மேலூரிலிருந்து ஒரு வாசகர்: எழுதி வைத்துப் படித்தால் செய்தி வாசிப்பது போல் இருக்கிறது. எழுதாமல் பேசினால் தடுமாறுகிறேன். எந்தத் தமிழில் பேசுவது? மதுரைப் பேச்சில் பேசினால் மற்ற ஊர்க்காரர்களுக்குப் புரியுமா?

ஆங்கிலத்தில் பாட்காஸ்ட் செய்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இந்த அளவுக்கு இல்லை. எழுதும் தமிழும் பேசும் தமிழும் வெகுதூரம் விலகியிருக்கும் நமக்கு இதுவே முதற்பெரும் சிக்கல். நூலைப் படிப்பவர் ஒரு வரி புரியாவிட்டால் மேலே போய் மீண்டும் படிப்பார். கேட்பவர் அப்படித் திரும்பிப் போவதில்லை. பேருந்தில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டோ, பாத்திரம் துலக்கிக்கொண்டோ கேட்கிறார். ஆகவே காதுக்கான வாக்கியம் குட்டையாக இருக்க வேண்டும், வினை விரைவில் வர வேண்டும்.

"கடந்த ஆண்டு பெய்த கனமழையின் காரணமாக எங்கள் ஊர்க் கண்மாய் அதன் முழுக் கொள்ளளவை எட்டியது" என்று எழுதி வைத்துப் படித்தால் அதில் ஒரு பிழையும் இல்லை, ஓர் ஆளும் இல்லை. "போன வருசம் நல்ல மழை. எங்க கண்மாய் நெறஞ்சு மறுகா பாஞ்சுச்சு" என்று சொல்லிப் பாருங்கள். கண்மாய்க் கரையில் நின்று பார்த்த ஒருவர் பேசுகிறார் என்பது உடனே தெரியும். 'மறுகால்' என்ற சொல் சென்னைவாசிக்குப் புரியாமல் போகலாம் என்று அதைக் கைவிட வேண்டியதில்லை. "தண்ணி நெறஞ்சு அந்தப் பக்கம் வழிஞ்சு ஓடுச்சு" என்று அடுத்த வாக்கியத்தில் நீங்களே இயல்பாகச் சொல்லிவிட்டால் போதும். கேட்பவருக்குப் பொருளும் கிடைத்தது, புதிய சொல்லும் கிடைத்தது. யாழ்ப்பாணத்தாரின் பேச்சையும் நாஞ்சில் நாட்டாரின் பேச்சையும் நாம் இரசித்துக் கேட்கிறோம் அல்லவா? அதே போல் நம் 'அங்கிட்டு', 'இங்கிட்டு', 'வந்தாய்ங்க' என்பவற்றை அவர்களும் கேட்கட்டும். வலிந்து திணித்தால் மட்டும் நாடகமாகிவிடும். வீட்டில் எந்த அளவு வருகிறதோ அந்த அளவே வரட்டும்.

தடுமாற்றத்துக்கு நான் கைக்கொள்ளும் வழி இது. முதல் இரண்டு வாக்கியங்களையும் கடைசி இரண்டு வாக்கியங்களையும், பேசும் தமிழிலேயே, சொல் மாறாமல் எழுதிக்கொள்வேன். நடுவில் சொல்ல வேண்டியதற்கு அரைத்தாளில் குறிப்புச் சொற்கள் மட்டும். ஆண்டுகள், பெயர்கள், எண்கள் ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதி வைத்துக்கொள்வேன், ஏனெனில் பேச்சு ஓட்டத்தில் பிழையாவது அவைதான். பிறகு எதிரில் என் சித்தி உட்கார்ந்திருப்பதாக எண்ணிக்கொண்டு அவருக்குச் சொல்வேன். அவருக்கு அவசரமில்லை, ஆனால் சுற்றி வளைத்தால் பொறுமை இழந்துவிடுவார். நீங்களும் ஒரே ஓர் ஆளை முடிவு செய்துகொள்ளுங்கள். "நேயர்களே" என்று பலரை அழைப்பதைவிட, ஒருவரிடம் பேசும் குரலே இயர்போனில் கேட்கும் ஒருவருக்கு நெருக்கமாக இருக்கிறது.

பழந்தமிழ்ப் பாடலோ கல்வெட்டு வரியோ மேற்கோளாக வந்தால் அதை எழுத்துத் தமிழிலேயே, நிறுத்தி, ழகர ளகரம் பிறழாமல் படியுங்கள். பேச்சுத் தமிழுக்கு நடுவே அது தனித்து ஒளிரும்.

வாடிப்பட்டியிலிருந்து ஒரு வாசகர்: பதிவு செய்ததைத் தொகுக்க எந்த மென்பொருள் நல்லது? எவ்வளவு தொகுக்க வேண்டும்?

கணினி இருந்தால் ஆடாசிட்டி. 2000-ஆம் ஆண்டிலிருந்து இலவசமாகக் கிடைக்கும் திறமூல மென்பொருள், அதாவது எவரும் உள்ளே பார்த்துத் திருத்தக்கூடிய மென்பொருள் இது. பாட்காஸ்டுக்கு வேண்டிய அனைத்தும் அதில் உண்டு. பதிவைத் தொடங்கிய பிறகு பத்து விநாடி எவரும் பேசாமல் இருந்தால், அந்த வெற்று அறையின் இரைச்சலை ஆடாசிட்டிக்கு மாதிரியாகக் காட்டி, முழுப் பதிவிலிருந்தும் அதைக் குறைக்கச் சொல்லலாம். பாதி அளவு குறைத்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள். முழுவதும் நீக்க முயன்றால் குரல் தகர டப்பாவுக்குள் போனது போலாகிவிடும்.

இருமல், திரும்பத் திரும்பச் சொன்னது, பொருளுக்குப் புறம்பான கிளைக்கதை ஆகியவற்றை வெட்டுங்கள். மூச்சை வெட்டாதீர்கள். மூச்சு வாங்கும் இடங்களையெல்லாம் நீக்கிய பதிவைக் கேட்டால், ஏனென்று தெரியாமலே கேட்பவருக்கு மூச்சு முட்டும். ஒலியளவை மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரி ஒலியளவைக் குறிக்கும் அலகு) என்ற அளவுக்குச் சரிசெய்யுங்கள்; ஆப்பிள் பரிந்துரைக்கும் அளவு அது. அப்போதுதான் வேறொரு நிகழ்ச்சிக்குப் பின் உங்களுடையதைக் கேட்பவர் ஒலியைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டியிருக்காது. கடைசியாக, பேச்சு மட்டும் உள்ள பகுதி என்றால், கோப்பைச் சேமிக்கும் போது 96 கேபிபிஎஸ் (ஒரு விநாடிக்கான தரவின் அளவு) மோனோ (ஒற்றைத்தட ஒலி) எம்பி3 என்று தேர்ந்தெடுத்தால் போதும். அரை மணி நேரப் பகுதி சுமார் 22 எம்பிதான் வரும். கேட்பவரின் டேட்டாவை நாம் சிக்கனமாகச் செலவழிப்பதும் ஒரு மரியாதைதான்.

உசிலம்பட்டியிலிருந்து டிடிபி மையம் நடத்தும் ஒரு வாசகர்: மூன்று பகுதிகள் தயார். ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் ஆகிய பாட்காஸ்ட் கேட்கும் செயலிகள் இரண்டிலும் வருவதற்கு யாருக்குப் பணம் கட்ட வேண்டும்? ஒவ்வொன்றிலும் தனித்தனியாக ஏற்ற வேண்டுமா?

ஒரே இடத்தில் ஏற்றினால் போதும். ஒலிக்கோப்புகளை வைத்துக்கொண்டு, திருமங்கலம் வாசகருக்குச் சொன்ன அந்த ஃபீட்டை உங்களுக்காக உருவாக்கித் தரும் சேவைகள் உள்ளன. அவற்றை ஹோஸ்டிங் என்பார்கள். ஸ்பாட்டிஃபையே அப்படி ஓர் இலவசச் சேவையை நடத்துகிறது. மாதக் கட்டணம் வாங்குபவையும் உள்ளன. அங்கே கிடைக்கும் ஃபீட் முகவரியை ஆப்பிள் முதலிய தளங்களில் ஒரே ஒருமுறை பதிந்துவிட்டால், அதன்பின் நீங்கள் ஏற்றும் ஒவ்வொரு பகுதியும் எல்லா இடங்களிலும் தானே தோன்றும். பட்டியலில் சேர்ப்பதற்கு அவர்கள் கட்டணம் வாங்குவதில்லை. கட்டண ஹோஸ்டிங்கில் சேர்ந்தால், பணம் கட்டுவதை நிறுத்திய பின் உங்கள் பழைய பகுதிகள் என்னவாகும் என்பதைச் சேரும் முன்பே படித்துப் பாருங்கள்.

நிலத்துக்குப் பட்டா எப்படியோ பாட்காஸ்டுக்கு ஃபீட் அப்படி. அது எவருடைய மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறதோ நிகழ்ச்சி அவர் கையில் இருக்கிறது. எனக்குத் தெரிந்த நண்பர் குழு ஒன்று, கணினி தெரிந்த தம்பி ஒருவரின் மின்னஞ்சலில் கணக்கைத் தொடங்கி நாற்பது பகுதிகள் வெளியிட்டது. அவர் வேலைக்கு வெளிநாடு போனார். அந்த மின்னஞ்சலின் கடவுச்சொல் அவருக்கே மறந்துவிட்டது. குழுவினர் வேறு பெயரில் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. நிகழ்ச்சிக்கென்றே ஒரு மின்னஞ்சலைத் தொடங்கி, கடவுச்சொல்லை வீட்டில் இன்னொருவரிடமும் சொல்லி வையுங்கள். உங்கள் சொந்த மின்னஞ்சலைக் கொடுக்க வேண்டாம் என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு: அந்த முகவரி ஃபீட்டில் எவர் கண்ணிலும் படும்படி இருக்கக்கூடும்.

ஃபீட் உங்கள் கையில் இருந்தால் பெரிய நிறுவனம் கடையை மூடினாலும் நிகழ்ச்சி பிழைத்துக்கொள்ளும். 2024-இல் கூகுள் தன் பாட்காஸ்ட் செயலியை மூடியது. அதில் கேட்டுவந்தவர்கள் வேறு செயலிக்குப் போய் அதே ஃபீட்டைத் தொடர்ந்தார்கள். நடத்தியவர்கள் எதையும் மீண்டும் ஏற்ற வேண்டியிருக்கவில்லை. ஹோஸ்டிங்கை மாற்றும் போது பழைய ஃபீட் முகவரியிலிருந்து புதியதற்குத் திருப்பிவிடும் வசதி உண்டா என்பதைத் தொடக்கத்திலேயே பாருங்கள். அது இல்லாத சேவை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

டிடிபி மையம் நடத்துகிறீர்கள் என்பதால் உங்களுக்கென்று ஒன்று. அச்சுக்குப் பயன்படுத்தும் பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த தலைப்பை அப்படியே ஒட்டினால் செயலிகளில் புரியாத குறிகளாகத் தெரியும். தலைப்பும் விளக்கமும் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் இருக்க வேண்டும். மொழி என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுங்கள்; பலர் ஆங்கிலம் என்றே விட்டுவிடுகிறார்கள். அட்டைப்படம் சதுரமாக, 1400 பிக்சலுக்குக் குறையாமல், 3000 பிக்சலுக்கு மிகாமல் இருக்க வேண்டும். கைபேசியில் அது ஒரு தபால்தலை அளவுக்குத்தான் தெரியும் என்பதால் நான்கைந்து சொற்களுக்கு மேல் எழுத வேண்டாம். திருவிழா போஸ்டர் போல முகங்களை அடுக்கவும் வேண்டாம்.

அவனியாபுரத்திலிருந்து ஒரு வாசகர்: தொடக்கத்தில் பத்து விநாடி மட்டும் சினிமாப் பாட்டு போடலாமா? முப்பது விநாடிக்குள் இருந்தால் தவறில்லை என்கிறார்களே?

அப்படி ஒரு விதி இந்தியச் சட்டத்தில் கிடையாது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் விமர்சனம், மதிப்புரை போன்றவற்றுக்கு நியாயமான அளவில் பயன்படுத்த இடம் தருகிறது. நிகழ்ச்சிக்கு முகப்பு இசையாகப் போடுவது அதில் அடங்காது. இசைப்பதிவுக்கு அது வெளியான ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை உண்டு. பாடல் வரிக்கும் மெட்டுக்கும் அவற்றை ஆக்கியவர் மறைந்த ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டுகள். இவை தனித்தனி உரிமைகள். 1921-இல் மறைந்த பாரதியாரின் பாடலை நீங்களே பாடிப் போடலாம். ஆனால் அதே பாடலை ஒருவர் அண்மையில் பாடி வெளியிட்ட பதிவை எடுத்துப் போட முடியாது.

உங்கள் தெருவில் தவிலோ உறுமியோ வாசிக்கும் ஒருவர் இருப்பார். அவருக்கு உரிய சன்மானம் கொடுத்து, இருபது விநாடி வாசிக்கச் சொல்லி, பயன்படுத்திக்கொள்ளச் சம்மதம் என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வேறு எந்த நிகழ்ச்சிக்கும் இல்லாத முகப்பு உங்களுக்குக் கிடைத்துவிடும்.

சோழவந்தானிலிருந்து ஒரு வாசகி: ஆறு பகுதிகள் வெளியிட்டுவிட்டேன். ஒவ்வொன்றையும் பத்தொன்பது பேர்தான் கேட்டிருக்கிறார்கள். நிறுத்திவிடலாமா? வருமானம் எப்போது வரும்?

வருமானத்தை இப்போது கணக்கில் வைக்காதீர்கள். விளம்பரம் தருபவர்கள் ஆயிரக்கணக்கில் கேட்பவர்களைத்தான் பார்க்கிறார்கள், அந்த எண்ணிக்கை பெரும்பாலான தமிழ் நிகழ்ச்சிகளுக்கு எளிதில் வருவதில்லை. நிறுத்துவதைப் பற்றிக் கேட்டால், வேண்டாம் என்பேன். உங்கள் வீட்டுத் திண்ணையில் பத்தொன்பது பேர் வந்து உட்கார்ந்து அரை மணி நேரம் நீங்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு, அடுத்த வாரமும் வந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்? அவர்களில் மூவரையாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எந்த இடத்தில் நிறுத்தினார்கள், எதை மற்றவருக்கு அனுப்பினார்கள் என்று நேரில் கேளுங்கள். வாரம் ஒன்று முடியவில்லை என்றால் மாதம் ஒன்றாக்கிக்கொள்ளுங்கள். ஆனால் சொன்ன நாளில் வர வேண்டும்.

கருமாத்தூரிலிருந்து ஒரு வாசகர்: எங்கள் அப்பத்தாவுக்கு 86 வயது. தாலாட்டும் ஒப்பாரியும் நிறையத் தெரியும். பாட்காஸ்ட் நடத்த எனக்கு நேரமில்லை. பதிவாவது செய்து வைக்கலாமா?

இந்த வாரமே செய்யுங்கள். வெளியிடுவதை எப்போது வேண்டுமானாலும் முடிவு செய்துகொள்ளலாம்.

பதிவுச் செயலியின் அமைப்பில் வேவ் வடிவம் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 300 எம்பி இடம் பிடிக்கும். ஆனால் குரல் சுருக்கப்படாமல் முழுமையாக நிற்கும். அன்றைக்கே கணினியிலும் ஒரு பென்டிரைவிலுமாக இரண்டு இடங்களில் படியெடுத்து, நாள், ஊர், பாடியவர் பெயர், பாட்டின் முதல் வரி என்று கோப்புக்குப் பெயரிடுங்கள். உறவினர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் குரல் செய்தியாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள். பாட்டு மரபு வழி வந்ததாக இருந்தாலும், பாடியவர் என்ற வகையில் அப்பத்தாவுக்குச் சட்டப்படி 50 ஆண்டு உரிமை உண்டு. பின்னாளில் எவராவது கேட்டால் அவர் பெயரில்லாமல் கொடுத்துவிடாதீர்கள்.

தாலாட்டுக்கு மடியில் ஒரு குழந்தையைக் கொடுத்துவிட்டால் தானாக வரும். ஒப்பாரியை வீட்டுக்குள் பாட அவர் தயங்குவார். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடக் கூடாது என்பது பெரியவர்களின் நம்பிக்கை. வற்புறுத்தாமல், அவருக்கு மனம் ஒப்பும் இடம் எது என்று கேளுங்கள். தோட்டத்து மோட்டார் ரூமோ களத்துமேடோ ஏதாவது ஓர் இடத்தைச் சொல்வார். காற்று அடித்தால் கைபேசியின் மைக் துளைக்கு மேல் மெல்லிய பருத்தித் துணியை ஒரு சுற்றுச் சுற்றி வைத்தால் போதும். அவர் பாடி முடித்ததும் கைபேசியை உடனே எடுத்து நிறுத்திவிடாதீர்கள். ஓரிரு நிமிடம் ஓடவிடுங்கள். முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, இந்தப் பாட்டை யார் சாவுக்கு யார் பாடக் கேட்டேன் என்று அவர் சொல்லத் தொடங்குவது அப்போதுதான்.